பிலிப்போ ஸ்ட்ரோசி (மூத்தவர்)

பிலிப்போ ஸ்ட்ரோசி (1428 – மே 1491) இத்தாலியின் புளோரன்ஸ் நகரைச் சேர்ந்த வணிகரும் வங்கியாளரும் ஆவார். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, நாடுகடத்தப்பட்டவராகவும் வாழ்ந்த இவர், நேப்பிள்ஸ் நகரில் பெருஞ்செல்வம் ஈட்டிப் பின்னர் தாயகம் திரும்பினார். புளோரன்சின் நடுவே இன்றும் நிற்கும் ஸ்ட்ரோசி அரண்மனை (பலாத்சோ ஸ்ட்ரோசி) இவரால் தொடங்கப்பட்டது. இத்தாலிய மறுமலர்ச்சிக் கால நகர மாளிகைகளுள் இது தலையாய ஒன்றாகக் கருதப்படுகின்றது. இதே பெயர் கொண்ட இவருடைய இளைய மகனிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் பொருட்டு இவர் மூத்தவர் என அழைக்கப்படுகின்றார்.

பலாத்சோ என்னும் இத்தாலியச் சொல்லை அரண்மனை என்று தமிழில் பெயர்ப்பது வழக்கமாயினும், அது மன்னர் வாழும் இடத்தை மட்டும் குறிப்பதன்று. நகரத்தின் உள்ளே செல்வர்கள் கட்டிய பெரிய கல்வீடுகள் அனைத்தும் இப்பெயரையே பெறுகின்றன. புளோரன்ஸ் அக்காலத்தில் மன்னர் இல்லாத குடியரசு என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

குடும்பமும் நாடுகடத்தலும்

ஸ்ட்ரோசி குடும்பம் புளோரன்சின் பழமையான, செல்வம் மிக்க குடும்பங்களுள் ஒன்று. மூன்று பிறைகள் கொண்டது இவர்களுடைய குடும்பச் சின்னம். பிலிப்போவின் தந்தை மத்தேயோ ஸ்ட்ரோசி. தாய் அலெசாண்ட்ரா மச்சிங்கி. 1433 ஆம் ஆண்டில் நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட கோசிமோ தெ மெடிச்சி, அடுத்த ஆண்டே வெற்றியுடன் திரும்பி வந்தார். தம்மை எதிர்த்த குடும்பங்களை அவர் நகரை விட்டு அகற்றினார். அவ்வாறு வெளியேற்றப்பட்டோருள் ஸ்ட்ரோசி குடும்பத்தின் முதன்மையானவரும் நூற்காதலருமான பால்லா ஸ்ட்ரோசியும், பிலிப்போவின் தந்தையும் அடங்குவர். பால்லா மீண்டும் புளோரன்சைக் காணாமலேயே 1462 ஆம் ஆண்டு பாதுவா நகரில் இறந்தார்.

மத்தேயோ தம் மனைவி மக்களுடன் பெசாரோ நகருக்குச் சென்றார். 1435 ஆம் ஆண்டில் அங்கு பரவிய கொள்ளைநோய் அவரையும் அவருடைய பிள்ளைகளுள் மூவரையும் பலிகொண்டது. கருவுற்றிருந்த அலெசாண்ட்ரா எஞ்சிய பிள்ளைகளுடன் புளோரன்ஸ் திரும்பினார். கடைசி மகன் தந்தை இறந்த பின்னரே பிறந்தான். அவனுக்கும் மத்தேயோ என்றே பெயரிடப்பட்டது. அப்போது பிலிப்போவுக்கு வயது ஏழு.

தாயின் கடிதங்கள்

அலெசாண்ட்ரா மறுமணம் செய்துகொள்ளவில்லை. தம் சீதனச் சொத்தின் வருவாயைக் கொண்டும், வரிச்சுமையைத் தாங்க நிலங்களைச் சிறிது சிறிதாக விற்றும் மூன்று ஆண்மக்களையும் இரண்டு பெண்மக்களையும் வளர்த்தார். ஆண்மக்கள் வளர்ந்ததும் ஒருவர்பின் ஒருவராகத் தொழில் கற்க வெளிநாடு செல்ல வேண்டியதாயிற்று. தந்தையின் ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் நால்திசையிலும் வணிகம் நடத்தி வந்தனர். பிலிப்போ நேப்பிள்சில் நிக்கொலோ ஸ்ட்ரோசியிடமும், தம்பி லொரென்சோ இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் யாக்கோபோ ஸ்ட்ரோசியிடமும் பணியில் அமர்ந்தனர்.

மகன்களுக்கு அலெசாண்ட்ரா எழுதிய கடிதங்களுள் எழுபதுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. 1447 முதல் 1470 வரையிலான இக்கடிதங்கள், 15 ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருவரின் அன்றாட வாழ்வை அறிவதற்கு மிகச் சிறந்த சான்றாக வரலாற்றாய்வாளர்களால் போற்றப்படுகின்றன. மகள் கத்தெரினாவுக்கு 1,000 புளோரின் சீதனம் கொடுத்துப் பட்டு வணிகர் மார்கோ பாரென்ட்டிக்கு மணம் முடித்த செய்தி முதற் கடிதத்திலேயே உள்ளது. (புளோரின் என்பது ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையுள்ள புளோரன்சின் பொன் நாணயம்.) வரிக்கணக்கு, துணி அளவு, பெண் பார்த்த செய்தி, நகர அரசியல் ஆகிய எல்லாம் இக்கடிதங்களில் கலந்து வருகின்றன. அரசியல் செய்திகளில் ஆட்களின் பெயருக்குப் பதிலாக எண்களை எழுதும் மறைமொழியையும் தாயும் மக்களும் கையாண்டனர். கடிதங்கள் வழியில் பிரித்துப் படிக்கப்படும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

கடைசி மகன் மத்தேயோவை நேப்பிள்சுக்கு அனுப்புமாறு பிலிப்போ பலமுறை வற்புறுத்தியும், அலெசாண்ட்ரா நெடுநாள் தயங்கினார். இறுதியில் 1450 ஆம் ஆண்டில் அனுப்பி வைத்தார். 1459 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காய்ச்சல் கண்டு மத்தேயோ நேப்பிள்சில் இறந்தான். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாடுகடத்தப்பட்டோரின் பிள்ளைகளும் நகருக்குள் வரக்கூடாது என்ற ஆணை பிறந்திருந்தது. எனவே அதுவரை வெளியூரில் தொழில் செய்பவர் என்ற நிலையில் இருந்த பிலிப்போவும் லொரென்சோவும் தந்தை செய்த அரசியலுக்காக முறைப்படி நாடுகடத்தப்பட்டவர்கள் ஆயினர். தம்பியின் மறைவுக்காகத் தாயை நேரில் கண்டு தேற்றவும் பிலிப்போவால் புளோரன்சுக்குள் நுழைய இயலாமற் போயிற்று.

நேப்பிள்சில் செல்வாக்கு

நேப்பிள்ஸ் அரசு அக்காலத்தில் அரகோன் மரபினரின் ஆட்சியில் இருந்தது. மன்னர் ஃபெரான்தேயின் நம்பிக்கையைப் பெற்ற பிலிப்போ, அரசவைக்குக் கடன் கொடுப்பவராகவும், ஆடம்பரத் துணிகளை வழங்குபவராகவும் உயர்ந்தார். உறவினரிடம் பணியாளாகச் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் தம்பி லொரென்சோவையும் உடன் சேர்த்துக்கொண்டு தனி நிறுவனம் தொடங்கினார்.

இச்செல்வாக்கே அவருக்குத் தாயகத்தின் கதவைத் திறந்தது. கோசிமோ 1464 இல் இறந்தபின் அவருடைய மகன் பியேரோ தெ மெடிச்சி நகரில் முதன்மை பெற்றார். ஸ்ட்ரோசி சகோதரர்கள் மீதான தடையை நீக்குமாறு நேப்பிள்ஸ் அரசவை பியேரோவை வேண்டிக்கொண்டது. 1466 ஆம் ஆண்டில் லூக்கா பித்தி முதலானோர் மெடிச்சி குடும்பத்துக்கு எதிராக எடுத்த முயற்சி தோல்வியடைந்தது. எதிரிகள் சிலர் அவ்வாண்டில் வெளியேற்றப்பட, அதே செப்டம்பரில் ஸ்ட்ரோசி சகோதரர்களுக்கு அனுமதி கிடைத்தது. பிலிப்போ தம் 38 ஆவது வயதில் புளோரன்ஸ் திரும்பினார். தாய் அலெசாண்ட்ரா மகனுடன் நான்கு ஆண்டுகளே வாழ்ந்து 1471 இல் காலமானார்.

லூக்கா பித்தி வெளியேற்றப்படவில்லை. ஆயினும் அவர் தொடங்கியிருந்த பெரிய மாளிகை அரைகுறையாக நின்றுபோயிற்று. மெடிச்சி குடும்பத்தினரை விஞ்சும் வகையில் வீடு கட்டுவோருக்கு நேரக்கூடியது யாது என்பதைப் பிலிப்போ நாள்தோறும் ஆற்றின் மறுகரையில் காண முடிந்தது.

திருமணமும் பொதுவாழ்வும்

பிலிப்போ முதலில் பியம்மெத்தா அதிமாரியை மணந்தார். 1467 இல் பிறந்த முதல் மகனுக்கு நேப்பிள்ஸ் இளவரசரின் நினைவாக அல்ஃபோன்சோ எனப் பெயரிட்டார். புளோரன்ஸ் குடும்பமொன்றில் இப்பெயர் வழக்கில்லாதது. பியம்மெத்தா இறந்தபின் 1477 இல் செல்வாஜ்ஜா ஜான்ஃபிலியாத்சியை மணந்தார்.

அரசியலிலிருந்து இவர் பெரும்பாலும் விலகியே இருந்தார். எனினும் 1479 ஆம் ஆண்டு இறுதியில் நேப்பிள்சுடன் நடந்த போரில் புளோரன்ஸ் நெருக்கடிக்குள்ளானபோது, பியேரோவின் மகனான லொரென்சோ தெ மெடிச்சி, மன்னர் ஃபெரான்தேயின் எண்ணத்தை அறிந்துவரப் பிலிப்போவையே முன்னதாக அனுப்பினார். அதன் பின்னரே லொரென்சோ தாமே நேப்பிள்ஸ் சென்று அமைதி உடன்பாடு கண்டார். எந்தக் குடும்பம் தம் தந்தையை வெளியேற்றியதோ அக்குடும்பத்தின் தூதராக, எந்த ஊர் தமக்கு அடைக்கலம் தந்ததோ அவ்வூருக்குப் பிலிப்போ சென்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

1487 ஆம் ஆண்டில் சாந்தா மரியா நோவெல்லா தேவாலயத்தில் உள்ள தம் குடும்பச் சிற்றாலயத்துக்குச் சுவரோவியம் தீட்ட ஓவியர் பிலிப்பினோ லிப்பியுடன் ஒப்பந்தம் செய்தார். தம் கல்லறையைச் செதுக்கும் பணியைச் சிற்பி பெனதெத்தோ தா மையானோவிடம் அளித்தார். இதே சிற்பி வடித்த பிலிப்போவின் மார்பளவுப் பளிங்குச் சிலை பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலும், அதன் சுடுமண் வடிவம் பெர்லினிலும் உள்ளன. முன்தலை வழுக்கையும் அமைதியான, எதையும் வெளிக்காட்டாத பார்வையும் கொண்ட முகம் அது.

அரண்மனை கட்டும் எண்ணம்

புளோரன்சில் பெரிய வீடு என்பது வசதிக்காக மட்டும் கட்டப்படவில்லை. அது குடும்பத்தின் பெயரைக் கல்லில் நிறுத்துவது. கோசிமோவுக்காக மிக்கெலோத்சோ என்னும் கட்டடக் கலைஞர் 1444 முதல் கட்டிய மெடிச்சி மாளிகை இவ்வகை வீடுகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. நெடுங்காலம் தாயகத்துக்கு வெளியே வாழ்ந்த பிலிப்போவுக்கு இவ்வெண்ணம் எத்துணை ஆழமாக இருந்திருக்கும் என்பதை அவருடைய செயலே காட்டுகின்றது. 1474 ஆம் ஆண்டு முதல் 1489 வரை பொறுமையாக, ஒவ்வொன்றாக, அடுத்தடுத்த வீடுகளையும் கடைகளையும் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ பதினைந்து கட்டடங்கள் இடிக்கப்பட்டு நகரின் நெரிசல் மிக்க நடுப்பகுதியில் நாற்கோணமான பெருமனை ஒன்று உருவாயிற்று.

லொரென்சோ தெ மெடிச்சியின் பொறாமைக்கு ஆளாகாமல் இவர் இதைச் சாதித்த விதத்தைப் பிலிப்போவின் மகன் தாம் எழுதிய தந்தையின் வரலாற்றில் கூறியுள்ளார். அதன்படி, தமக்குத் தேவை பிள்ளைகள் வாழ ஒரு சாதாரண வீடே என்றும், கீழ்த்தளத்தில் வாடகைக்குக் கடைகள் வைத்தால் போதும் என்றும் பிலிப்போ சொல்லி வந்தார். நகரின் அழகில் அக்கறை கொண்ட லொரென்சோ வரைபடங்களைப் பார்க்க விரும்பினார். கடைகள் வேண்டாம் என்றும், முகப்பைப் புடைப்புக் கற்களால் கம்பீரமாக அமைக்குமாறும் அவர் சொல்ல, அது தம் தகுதிக்கு மிஞ்சியது என்று பிலிப்போ மறுப்பதுபோல் மறுத்துப் பின் இணங்கினார். இவ்வாறு தம் உள்ளத்தில் இருந்ததையே பிறர் வற்புறுத்தலால் செய்வதுபோல் செய்துகொண்டார். மகன் தந்தையின் திறமையைச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் நாடுகடத்தப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு இவ்வளவு எச்சரிக்கை இயல்பானதே. புதிய மனைகளில் கட்டப்படும் வீடுகளுக்கு நாற்பது ஆண்டு வரிவிலக்கு அளிக்கும் சட்டமும் 1489 ஆம் ஆண்டிலேயே புளோரன்சில் நிறைவேறியது.

நல்ல நேரத்தில் அடிக்கல்

அடித்தளம் இடுவதற்கு நல்ல நேரம் கணித்துத் தருமாறு பிலிப்போ சோதிடர்களைக் கேட்டுக்கொண்டார். மெய்யியலாளர் மார்சீலியோ ஃபிச்சீனோவும் கலந்தாலோசிக்கப்பட்டார். சிம்ம இராசி உதயமாகும் நேரமாகிய 1489 ஆகஸ்ட் 6 ஆம் நாள் விடியற்காலை குறிக்கப்பட்டது. சூரியன் குன்றுகளின் மேல் எழும் வேளையில் பிலிப்போ முதற்கல்லை வைத்தார். அதே நாழிகையில் நகரின் பல திருமடங்களில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் கல்விமிக்க வணிகரும் முகூர்த்தம் பார்த்தே வீடு கட்டினர் என்பது தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்காது.

அன்று அவ்வழியே சென்ற திரிபால்தோ தெ ரோசி என்பவர் நிகழ்வைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளார். பிலிப்போ அவரையும் ஒரு கல் இடுமாறு அழைக்க, அவர் பள்ளத்தில் ஒரு பழைய நாணயத்தையும் போட்டார். பின்னர் வீட்டுக்கு ஆளனுப்பித் தம் பிள்ளைகளை வரவழைத்தார். சிறுவன் குவார்னியேரி கையில் வைத்திருந்த ரோசாக் கொத்தையும் பள்ளத்தில் போட்டான். பெரிய அரண்மனையின் வரலாற்றில் இச்சிறு குறிப்பு நிலைத்து நிற்கின்றது.

எதிரே மருந்துக்கடை நடத்தி வந்த லூக்கா லந்தூச்சியின் நாட்குறிப்பு வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றது. இடிபாடுகளை ஏற்றிச் செல்லும், கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டுவரும் கழுதைகளாலும் வண்டிகளாலும் தெருக்கள் அடைபட்டன. புழுதியும் வேடிக்கை பார்ப்போர் கூட்டமும் கடைக்காரர்களுக்குப் பெருந்தொல்லையாயின என்பது அவருடைய முறையீடு.

இறப்பும் உயிலும்

அடிக்கல் இட்டு இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1491 மே மாதத்தில் பிலிப்போ காலமானார். சுவர்கள் கீழ்த்தளத்து இரும்பு விளக்குகளின் உயரத்தையும் தாண்டியிருக்கவில்லை. புழுதியைப் பற்றிக் குறைகூறிய லந்தூச்சியே, இவ்வளவு நம்பிக்கையுடன் தொடங்கியவர் அதைக் காணாமல் போனாரே என வருந்தி எழுதினார். பிலிப்போ விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 1,16,000 புளோரின் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

உயிலில் அரண்மனையின் ஒரு பாதியை மூத்த மகன் அல்ஃபோன்சோவுக்கும், மறு பாதியை இரண்டாம் மனைவியின் மக்களுக்கும் அளித்தார். கட்டடப்பணி நிற்கக் கூடாது என்பதற்காகக் கடுமையான நிபந்தனைகள் விதித்தார். வாரிசுகள் தவறினால் பணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை லொரென்சோ தெ மெடிச்சியிடமே ஒப்படைத்தார். அடுத்த ஆண்டே லொரென்சோவும் இறந்தார். குடும்பச் சிற்றாலயத்தின் ஓவியங்கள் 1502 இல்தான் முடிவுற்றன.

கட்டடக்கலை

அரண்மனையை வடிவமைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 16 ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி, பெனதெத்தோ தா மையானோவைக் குறிப்பிடுகின்றார். கணக்கேடுகளிலோ மரத்தால் செய்த மாதிரி ஒன்றுக்காக ஜூலியானோ தா சங்கால்லோவுக்குப் பணம் கொடுக்கப்பட்ட பதிவு உள்ளது. அம்மரமாதிரி இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. கட்டட வேலையை நடத்தியவர் சிமோனே தெல் பொல்லாயுவோலோ. உரோமின் பழங்கட்டடங்களைப் பற்றி ஓயாமல் பேசியதால் அவருக்குக் குரோனாக்கா, அதாவது வரலாற்றேடு, என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

கட்டடம் மூன்று தளங்களைக் கொண்டது. பக்கத்து வீடுகளுடன் ஒட்டாமல் தனித்து நிற்பது. மூன்று பக்கங்களில் ஒரே மாதிரியான வளைவு வாயில்கள் உள்ளன. முகப்பு முழுவதும் பியெத்ராஃபோர்த்தே எனப்படும் பழுப்பு மஞ்சள் நிற மணற்கல்லால் ஆனது. கற்களின் முகம் தட்டையாக இழைக்கப்படாமல், தலையணைபோல் புடைத்திருக்குமாறு செதுக்கப்பட்டு, இணைப்புகள் ஆழமாக விடப்பட்டுள்ளன. மெடிச்சி மாளிகையில் கீழ்த்தளக் கற்கள் முரடாகவும் மேலே செல்லச் செல்ல வழவழப்பாகவும் அமைந்திருக்க, இங்கு மூன்று தளங்களிலும் புடைப்பு ஏறக்குறைய ஒரே சீராக உள்ளது. இதனால் முழுக் கட்டடமும் ஒரே பாறையில் குடைந்தது போன்ற தோற்றம் பெறுகின்றது. கீழ்த்தளத்தில் சிறிய சதுரச் சாளரங்களும், மேல் இரு தளங்களில் நடுவே மெல்லிய தூண் கொண்ட இரட்டை வளைவுச் சாளரங்களும் உள்ளன. அடியில் தெருவோரம் நீளும் கல் திண்ணை, வழிப்போக்கர் அமர்வதற்கானது. நம் ஊர்த் திண்ணை வீடுகளின் பயன்பாட்டையே இதுவும் கொண்டுள்ளது.

சுவரின் உச்சியில் வெளியே நீண்டு நிழல் வீழ்த்தும் பெரிய விளிம்பு குரோனாக்காவின் படைப்பு. உரோமில் கிடைத்த பண்டைய துண்டு ஒன்றை அளந்து, கட்டடத்தின் உயரத்துக்கேற்பப் பெரிதாக்கி அவர் இதை அமைத்ததாக வசாரி கூறுகின்றார். இவ்விளிம்பு சுற்றிலும் முழுமை பெறாமல் ஒரு பகுதியில் நின்றுபோனதைத் தெருவிலிருந்தே காணலாம். உள்முற்றமும் குரோனாக்காவினுடையதே. கீழே தூண்களும் வளைவுகளும் கொண்ட நடை, அதன்மேல் சாளரங்கள் கொண்ட தளம், உச்சியில் திறந்த தாழ்வாரம் என அது அமைந்துள்ளது. வெளியே கோட்டைபோல் இறுகி நிற்கும் கட்டடம் உள்ளே ஒளியும் காற்றும் நிறைந்திருப்பது இம்மாளிகையின் சிறப்பு.

முகப்பின் மூலைகளில் உள்ள இரும்பு விளக்குகளும் கொடி, தீப்பந்தம் தாங்கிகளும் நிக்கொலோ குரோசோ என்னும் கொல்லரின் கைவண்ணம். முன்பணம் பெறாமல் எந்த வேலையையும் தொடமாட்டார் என்பதால் இவர் கப்பாரா (முன்பணம்) என அழைக்கப்பட்டார்.

பிலிப்போவுக்குப் பின்

பிலிப்போ இறந்தபோது அவருடைய கடைசி மகன் இரண்டு வயதுக் குழந்தை. ஜொவான்னி பத்தீஸ்தா என்ற அவனுடைய பெயரைத் தாய் செல்வாஜ்ஜா பிலிப்போ என மாற்றினார். இந்த இளைய பிலிப்போ, 1508 இல் லொரென்சோ தெ மெடிச்சியின் பேத்தி கிளாரிச்சேயை மணந்து பெரும் வங்கியாளராக விளங்கினார். ஆனால் பின்னர் மெடிச்சி ஆட்சியை எதிர்த்து, 1537 ஆகஸ்டில் மொந்தெமூர்லோ என்னுமிடத்தில் நடந்த சண்டையில் பிடிபட்டார். புளோரன்சின் பாஸோ கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1538 இல் அங்கேயே உயிரிழந்தார். அக்கோட்டையைக் கட்டுவதற்குக் கடன் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் முதலாம் கோசிமோ அரண்மனையைப் பறிமுதல் செய்தார். மூத்த பிலிப்போ அஞ்சி அஞ்சித் தவிர்த்தது அவர் மகன் காலத்தில் நேர்ந்தது.

1568 இல் அரண்மனை குடும்பத்துக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. 1937 வரை ஸ்ட்ரோசி வழியினரே அதன் உரிமையாளர்களாக இருந்தனர். பின்னர் அரசுசார் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, 1999 இல் இத்தாலிய அரசின் உடைமையாயிற்று. புகழ்பெற்ற வியூசோ நூலகம் 1940 முதல் இங்கு இயங்கி வருகின்றது. மறுமலர்ச்சி ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனமும் இங்கேயே உள்ளது. கண்காட்சிகளை நடத்துவதற்கென 2006 இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2018 இல் கார்ஸ்டன் ஹோலர் என்னும் கலைஞர் முற்றத்தில் சுமார் இருபது மீட்டர் உயரத்திலிருந்து வளைந்திறங்கும் சறுக்குக் குழாய்களை அமைத்தார். 2021 இல் பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர், முகப்புச் சுவர் பிளந்து உட்பகுதி தெரிவது போன்ற பெரிய ஒளிப்பட ஒட்டுப்படத்தை அதன்மேல் பொருத்தினார். கோவிட் பெருந்தொற்றால் அருங்காட்சியகங்கள் மூடிக் கிடந்த காலம் அது.

நேப்பிள்ஸ் துறைமுகத்தைக் காட்டும் தவோலா ஸ்ட்ரோசி என்னும் 15 ஆம் நூற்றாண்டு ஓவியப்பலகை, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரண்மனையிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. தற்போது அது நேப்பிள்சின் சான் மார்த்தீனோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.